மாடி பங்களாவில் எங்கள் பேருந்து

ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆன பிறகுதான் நான் அந்த மாடி பங்களாவுக்குள் காலடி வைத்தேன். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம், வேலை நாளென்றால் நான்கு முறை அதன் வாசலைக் கடந்திருக்கிறேன். நான் அரசுப் பேருந்து ஓட்டுநர். நாமக்கல்லில் எடுத்த வண்டியைக் காரவள்ளி வழியாகக் கொல்லிமலைக்கு ஏற்றி, ஆளை இறக்கி, ஆளை ஏற்றி, மறுபடி கீழே கொண்டுவருவதுதான் என் வேலை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில், மேலே கடைசியாக வரும் சிலவற்றில் ஒன்றின் தலைமாட்டில் இருக்கிறது அந்த பங்களா. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் இரண்டு கல்தூண்களும், வரிசையாக நிற்கும் சில்வர் ஓக் மரங்களும், ஓட்டுக்கூரையின் ஒரு மூலையும் தெரியும். அதற்கு மேல் பார்க்க எனக்கு நேரம் இருந்ததில்லை. வளைவில் கண்ணைச் சாலையிலிருந்து எடுப்பவன் ஓட்டுநர் இல்லை.

காப்பித் தோட்டம் போட வந்த வெள்ளைக்காரர் ஒருவர் நூறு வருஷத்துக்கு முன்னால் கட்டியது என்று சொல்வார்கள். அவருக்குப் பிறகு கீழே சமவெளிக் குடும்பம் ஒன்றின் கைக்கு வந்து, பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய்ப் பூட்டிக் கிடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் குடும்பமே அதைச் சுத்தம் செய்து, ஓவியங்களை மாட்டி, அருங்காட்சியகம் என்று பலகை வைத்துவிட்டது.

போகலாம் என்று சொன்னது என் மனைவி. எங்கள் வீடு காரவள்ளிக்குப் பக்கத்தில், மலை அடிவாரத்தில். வாசலில் நின்றால் மலை முழுக்கத் தெரியும். ஆனால் கல்யாணமான முப்பத்து நான்கு வருஷத்தில் அவள் மேலே போனது மூன்றே முறை, மூன்றும் கோயிலுக்கு. வளைவு ஏற ஏற அவளுக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். அதனால் நானும் கூப்பிட்டதில்லை.

அன்று காலை மரவள்ளிக் காட்டிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். அவள் கொல்லைப்புறம் வந்து நின்றாள்.

“ஏனுங்க, நீங்க இந்த மலைய எத்தன தடவ ஏறியிருப்பீங்க?”

“அதையெல்லாம் ஆரு எண்ணுனா?”

“எனக்கு ஒரு தடவையாச்சும் காட்டோணும்னு தோணுச்சா உங்களுக்கு?”

“வாந்தி வருமேன்னு...” என்று இழுத்தேன்.

“வந்தா வரட்டும். மேல பங்களாவுல படமெல்லாம் மாட்டியிருக்காங்களாம். எதுத்தூட்டு அக்கா போய்ட்டு வந்து நாலு நாளா அதையே பேசிட்டு இருக்குது. நாளைக்குப் போலாம்.”

மறுநாள் ஒரு எலுமிச்சம்பழமும் ஒரு பழைய துண்டும் எடுத்துக்கொண்டு இருவரும் பேருந்து ஏறினோம். ஓட்டுநர் புதிய பையன், எனக்குத் தெரியாதவன். நன்றாகத்தான் ஓட்டினான். ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் அவன் கியர் மாற்றும் முன்பே என் இடது கால் தரையை அழுத்தியது. எதிரே லாரி வந்தால் வலது கால் அழுத்தியது. இருக்கைக்கு அடியில் கிளட்ச்சும் பிரேக்கும் இருப்பதுபோல. மேலே சோளக்காடு ஊருக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கியபோதுதான் கவனித்தேன், எலுமிச்சம்பழம் அவள் கையில் அப்படியே இருந்தது.

“என்ன அம்மிணி, வாந்தி வல்லியா?”

“எங்க வாரது? உங்க கால் ரெண்டையும் பாத்துச் சிரிச்சுட்டே வந்தேன். தல சுத்தறதே மறந்துபோச்சு” என்றாள்.

கல்தூண்களைத் தாண்டிச் சரளைக்கல் பாதையில் நடந்தோம். பக்கத்தில் போன பிறகுதான் பங்களா எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. மூன்று பக்கமும் தாழ்வாரம். சுவர் என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் இரண்டு முறை அளக்கும் கனம். வாசற்கதவு திறந்திருந்தது. செருப்பைக் கழற்றுவதா, போட்டுக்கொண்டே போவதா என்று நாங்கள் தயங்கிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து சாவிக்கொத்தோடு ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“டிரைவரண்ணன்தானுங்களே? நான் மலைமேல குண்டனி நாட்டுப் புள்ளைங்க. உங்க பஸ்லதான் மூணு வருசம் காலேஜ் போனேன்.”

எனக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததுபோலத் தலையை ஆட்டினேன். அவள்தான் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்பவள். செருப்பை ஓரமாக விடச் சொல்லி, எங்களை அவளே உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

கீழே நான்கு அறைகள். ஒன்றில் அந்தக் காலத்துச் சாப்பாட்டு மேசை, இருபது பேர் உட்காரலாம். அதைச் சுற்றிச் சுவரில் கோட்டும் மீசையுமாக ஆட்களின் படங்கள். அடுத்த அறையில் பூக்கள், பறவைகள், பலாமரங்கள். நான் கதவையும் தேக்கு உத்தரத்தையும் பார்த்தேன், படங்களை அவ்வளவாகப் பார்க்கவில்லை. என் மனைவி ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆசிரியர் நோட்டுத் திருத்துவதுபோலப் பார்த்தாள். ஒரு படத்தில் மிளகுக் கொடி ஏறிய மரத்தைக் காட்டி, “இலை செரியா இருக்குது, காய்தான் கொஞ்சம் பெருசாப் போட்டுட்டாங்க” என்றாள். சாவிக்காரப் பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

மாடிப்படி ஏறினால் தெற்குப் பக்கம் ஒரு பெரிய அறை. அதில் இருந்ததெல்லாம் ஒரே ஆள் வரைந்த படங்கள்.

“ஒரு அம்மா, மெட்ராஸ்ல இருந்து வருவாங்களாம். இந்த ஊட்டுக்காரங்களுக்கு வேண்டியவங்க. மூணு மழைக்காலம் இந்த ரூம்லயே தங்கி, இந்த ஜன்னல்ல இருந்து வரஞ்சிருக்காங்க. இருவது வருசம் இருக்கும். இப்ப அவங்க இல்லீங்க” என்றாள் அந்தப் பெண்.

மழையும் மூடுபனியுமாக இருந்தன படங்கள். கடைசிச் சுவரில், தனியாக, ஒரு கதவு அகலத்துக்கு ஒரு படம். அதைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது.

அது எங்கள் பேருந்து. பங்களாவுக்குக் கீழே இருக்கும் அந்த வளைவேதான். பனிக்குள் பாதி வண்டி தெரிகிறது, பாதி தெரியவில்லை. முன்விளக்கு இரண்டும் மஞ்சளாகக் கரைந்திருக்கின்றன. வண்டி நிற்கிறது. எதிரே, சாலை நடுவில், தலையில் பலாப்பழத்தோடு ஒரு பெண். ஓட்டுநரின் முகம் தெரியவில்லை. அவருடைய வலது கை மட்டும் ஜன்னலுக்கு வெளியே முழுசாக நீண்டிருக்கிறது. விரல்கள் விரிந்து, உள்ளங்கை கீழே பார்த்தபடி. ‘அவசரமில்லை, மெதுவாகப் போ’ என்று அந்தப் பெண்ணிடம் சொல்வதுபோல. கீழே ஒரு சின்ன அட்டையில் ‘காத்திருப்பு’ என்று எழுதியிருந்தது.

இருபது வருஷத்துக்கு முன்னால் இந்த வளைவில் வண்டி ஓட்டியவன் நான். யாரோ ஒரு அம்மா மேலேயிருந்து என்னைப் பார்த்து, நாள்கணக்கில் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். எனக்குத் தெரியவே தெரியாது.

“இது நான்தான்” என்றேன். குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

“அய்யோ, அப்படீங்களாண்ணா!” என்று அந்தப் பெண் கையைத் தட்டினாள். “இந்தப் படத்துல இருக்கற டிரைவர் ஆருன்னு வாரவங்க எல்லாம் கேப்பாங்க. நானும் தெரியாதுன்னே சொல்லிட்டு இருந்தேன்.”

என் மனைவி மட்டும் படத்துக்கு அருகில் போனாள். மூக்கு படும் அளவுக்குக் குனிந்தாள். பிறகு நிமிர்ந்து, “இது நீங்க இல்லீங்க” என்றாள்.

“உனக்கெப்படித் தெரியும்?”

“கையப் பாருங்க. கடியாரம் கட்டியிருக்குது. இது சோத்தாங்கை. நீங்க என்னிக்குச் சோத்தாங்கையில கடியாரம் கட்டுனீங்க?”

“அது கடியாரம் இல்ல. பெயிண்ட் சொட்டு.”

“பெயிண்ட் சொட்டுக்குப் பட்டை இருக்குமா?”

அந்தப் பெண் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினாள். கறுப்பாக ஒரு கோடு மணிக்கட்டைச் சுற்றி ஓடியது. நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி. கடிகாரம்தான். சந்தேகமே இல்லை.

எங்கள் பணிமனையில் வலது கையில் கடிகாரம் கட்டியவர் ஒரே ஒருவர்தான். இடக்கைக்காரர். இந்தத் தடத்தில் எனக்கு மாற்று ஓட்டுநர். ஒரு நாள் நான், ஒரு நாள் அவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர் என்பதால் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நான் பேச்சை நிறுத்தி நான்கு வருஷம் ஆகியிருந்த மனிதர்.

அதோடு விட்டாளா என் மனைவி? “கடியாரம் இல்லாட்டியும் நான் சொல்லியிருப்பேன். நீங்களா இருந்தா ஹாரன் அடிச்சிருப்பீங்க. அந்தப் புள்ள பலாப்பழத்தோட ஓரத்துல போய் உழுந்திருக்கும்” என்றாள்.

சாவிக்காரப் பெண் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவளுக்கும் அது தெரிந்திருந்தது என்பதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வருஷம் என் பேருந்தில் போனவள் அல்லவா?

நான் நேரம் தவறாத ஓட்டுநர். அதில் எனக்குப் பெருமை. ஏழு பத்து வண்டி என்றால் ஏழு பத்துக்கு எடுப்பேன். ஓடி வருகிறவர்களுக்காக நின்றால் மேலே பள்ளிக்கூடத்துக்குப் போகிற வாத்தியார்கள் தாமதமாவார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் தாமதமாவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அண்ணன் அப்படி இல்லை. தூரத்தில் யாராவது கையசைத்தால் நிறுத்துவார். மூட்டையை ஏற்றி முடிக்கும்வரை பொறுப்பார். மலைக்காரர்கள் அவருக்கு வாழைத்தாரும் தேனும் கொண்டுவந்து கொடுப்பார்கள். எனக்கு வணக்கம் வைப்பார்கள்.

என்னுடைய பணிநிறைவு விழாவில் எல்லோரும் பேசினார்கள். எனக்கு முன்பே ஓய்வு பெற்றிருந்த அவரும் வந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார். “நம்ம தம்பி இருவத்திரண்டு வருசம் கரெக்ட் டைமுக்கு வண்டி கொண்டுவந்தாரு. என்ன, ஆளத்தான் ஏத்தாம கொண்டுவந்தாரு” என்றார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. கழுத்தில் மாலையோடு நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டியதோடு அவரோடு பேசுவதையும் விட்டேன். அவர் இரண்டு முறை போன் பண்ணினார். நான் எடுக்கவில்லை. பிறகு அவரும் விட்டுவிட்டார்.

படத்துக்கு எதிரே ஒரு மர பெஞ்சு போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்தேன். என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“கோவமா?”

“இல்ல.”

“பொய் சொல்லாதீங்க.”

“கோவம் இல்ல அம்மிணி. ஒரு நிமிசம் நான்தான்னு நெனச்சேன். நல்லா இருந்துச்சு. அதான்.”

அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “அவருக்கு இது தெரியுமோ என்னமோ? ஆராச்சும் சொல்லோணுமல்லங்க?”

அன்று மலை இறங்கும்போது என் கால் எதையும் அழுத்தவில்லை என்று அவள் பிற்பாடு சொன்னாள். எனக்கு நினைவில்லை. யோசனையிலேயே வந்துவிட்டேன்.

நான்கு நாள் தள்ளிப்போட்டேன். ஐந்தாவது நாள் மொபெட்டை எடுத்துக்கொண்டு சேந்தமங்கலம் பக்கம் அவர் ஊருக்குப் போனேன். வாசலில் நிலக்கடலை காயப்போட்டிருந்தது. அவர் நாற்காலி போட்டுக் கோழி விரட்டிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். கண் ஆபரேஷன் செய்தவர்கள் போடும் கறுப்புக் கண்ணாடி. வண்டிச் சத்தம் கேட்டு, “ஆரது?” என்றார்.

“நான்தானுங்கண்ணா.”

கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். “வா” என்றார். அவ்வளவுதான். கையிலிருந்த குச்சியை என்னிடம் நீட்டினார். “அந்தப் பக்கம் கோழி வருது பாரு, வெரட்டு.”

நான் கோழியை விரட்டினேன். அவர் மகள் மோர் கொண்டுவந்தாள். குடித்தேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல், நேரடியாகப் படத்தைப் பற்றியே சொன்னேன். பங்களா, மாடி அறை, பனி, பேருந்து, ஜன்னலுக்கு வெளியே நீண்ட கை, வலது மணிக்கட்டில் கடிகாரம், எல்லாம். அவர் நம்பவில்லை.

“என்னைய எந்த மவராசி வரையப்போறா? உனக்கு வேற வேலை இல்லையா?”

“வந்து பாத்துட்டுச் சொல்லுங்க.”

“அதச் சொல்றதுக்கா இத்தன தூரம் வந்த?”

“ஆமாங்கண்ணா.”

குனிந்து கடலையைக் கிளறிவிட்டார். “செரி, என்னிக்குப் போறது?” என்றார்.

அடுத்த வாரம் மூன்று பேரும் போனோம். என் மனைவி இந்த முறை எலுமிச்சம்பழம் எடுக்கவில்லை. அண்ணனும் நானும் ஒரே இருக்கையில். புதிய ஓட்டுநர் வளைவில் கொஞ்சம் அகலம் எடுத்தால் இருவருமாகச் சேர்ந்து உச்சுக்கொட்டினோம். முன்னிருக்கையிலிருந்து திரும்பி என் மனைவி முறைத்தாள்.

பங்களாவில் சாவிக்காரப் பெண்ணிடம் முன்பே போனில் சொல்லி வைத்திருந்தோம். அவள் வாசலுக்கே வந்து அண்ணன் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். மாடிப்படியில் அவர் மூச்சு வாங்கியது. இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறினார். அறைக்குள் போனதும் அவரைப் படத்துக்கு நேராக நிறுத்தினோம்.

அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். போட்டுக்கொண்டு பார்த்தார். வலது கையை ஒருமுறை தூக்கி, அதிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் படத்தைப் பார்த்தார். அவர் கண் கலங்குகிறதோ என்று நான் பக்கத்தில் போனேன். அவர் தோள் குலுங்கியது. அப்புறம்தான் தெரிந்தது, சிரிக்கிறார்.

“நான்தான்” என்றார். “அந்த நாளு எனக்கு நல்லா நாவகம் இருக்குது. ஆனா நான் ஆருக்கும் வழி உடலப்பா.”

“பின்ன?”

“வண்டி ஆஃப் ஆயிருச்சு.”

எனக்குப் புரியவில்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். நல்ல பனி. வண்டி நிறையக் கூட்டம். அந்த வளைவில் கியர் மாற்றும்போது தவறவிட்டு இன்ஜின் நின்றுவிட்டது. மறுபடி போட்டால் எடுக்கவில்லை. ஏர் பிரேக்கில் காற்று இறங்கிக்கொண்டே இருக்கிறது, அது தீர்ந்தால் பிரேக் பிடிக்காது. பின்னால் பள்ளம். சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டிய நடத்துநர் கூட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டு இறங்க முடியாமல் கத்துகிறார்.

“எனக்குன்னா உசுரே இல்ல. அப்பத்தான் அந்தப் புள்ள பலாப்பழத்தோட எதுக்க வந்துச்சு. கைய வெளிய நீட்டி, ‘கண்ணு, கல்லு! சக்கரத்துக்குக் கல்லப் போடு சாமி!’ன்னு கத்துனேன். அதத்தான் அந்தம்மா மேல இருந்து பாத்திருக்குது. காத்திருப்பாம், காத்திருப்பு!”

“போட்டாங்களா?” என்றாள் என் மனைவி, மூச்சை அடக்கிக்கொண்டு.

“போட்டுச்சு. பழத்த எறக்கி ஓரமா வெச்சுட்டு, ரோட்டோரத்துல கெடந்த பெரிய கல்ல ரெண்டு கையிலயும் தூக்கியாந்து பின் சக்கரத்துல வெச்சுது. அதுக்கப்பறந்தான் எல்லாரும் எறங்குனாங்க. பழத்த மறுபடி தலையில ஏத்தி உட்டது நான்தான். பேருகூடக் கேக்கல. கேட்டிருக்கோணும்.”

சாவிக்காரப் பெண் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளால். எனக்கும் அடக்க முடியவில்லை. பொறுமைக்குப் பேர்போன ஓட்டுநர், மலையே புகழ்ந்த மனிதர், கியரைத் தவறவிட்டு வளைவில் வண்டியை நிறுத்தியிருக்கிறார்!

“பணிமனையில இத ஒருத்தரும் சொல்லலியே?” என்றேன்.

“சொன்னா உடுவீங்களா? கண்டக்டருக்கு ஒரு மாசம் டீ வாங்கிக் குடுத்து வாய அடைச்சேன்.”

இருவரும் சிரித்துச் சிரித்து ஓய்ந்தோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அதே வளைவு, பனி இல்லாமல், பட்டப்பகலில். ஒரு லாரி முனகிக்கொண்டு ஏறிப் போனது. என் மனைவியும் அந்தப் பெண்ணும் மற்ற படங்களைப் பார்க்கப் போய்விட்டார்கள். வேண்டுமென்றேதான் போனார்கள் என்று நினைக்கிறேன்.

“அன்னிக்கு மைக்குல சொன்னது...” என்று அவர் ஆரம்பித்தார்.

“உண்மையத்தானுங்கண்ணா சொன்னீங்க.”

“உண்மைன்னாலும், மாலை போட்ட அன்னிக்குச் சொல்லக் கூடாது. ஊட்டுக்குப் போனதும் எம் பொண்டாட்டி திட்டுன திட்டு! அதுக்கப்பறந்தான் உனக்குப் போன் போட்டேன்.”

“நான் எடுத்திருக்கோணும்.”

“ஆமா, எடுத்திருக்கோணும்” என்றார். அவர் மனைவி போன வருஷம் தவறியதும், செய்தி வந்தும் நான் போகாததும் அப்போதுதான் முழுசாக என் மேல் வந்து விழுந்தது. அதை அவர் சொல்லிக்காட்டவில்லை. நான்தான் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு, சாவுக்கு வராதது தப்பு என்று சொன்னேன். அவர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். கொஞ்சம் பலமாகவே.

“நேரத்துக்கு வாரவன் நீ. அதுக்கு மட்டும் லேட்டு” என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. ஆனால் முகத்தில் கோபம் இல்லை.

கிளம்பும்போது சாவிக்காரப் பெண், அட்டையில் இருக்கும் பெயரை மாற்றச் சொல்லி முதலாளி வீட்டுக்கு எழுதட்டுமா என்று கேட்டாள். அண்ணன் வேண்டாம் என்றார். “அந்தம்மா கண்ணுக்கு அப்படித் தெரிஞ்சிருக்குது. அது அப்படியே இருக்கட்டும். வேணும்னா கீழ தனியா எழுதி வெய்யி. கல்லுப் போட்ட புள்ளையப் பத்தி மறக்காம எழுது.”

அவள் அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். இரண்டு மாதம் கழித்து நாங்கள் போனபோது படத்துக்குக் கீழே புதிய அட்டை ஒன்று இருந்தது. ‘இந்தப் பேருந்தை ஓட்டியவர் சொன்னது’ என்று தொடங்கி, நடந்ததையெல்லாம் எழுதியிருந்தார்கள். கடைசியில், கல் வைத்த பெண்ணைத் தெரிந்தவர்கள் தகவல் சொல்லும்படி ஒரு வரி. இதுவரை யாரும் வரவில்லை. திருப்புலி நாட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா மட்டும், தன் சின்னம்மாவாக இருக்கலாம், விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாராம். அண்ணன் அந்தப் பதிலுக்காக வாரம் ஒருமுறை சாவிக்காரப் பெண்ணுக்குப் போன் பண்ணிக் கேட்கிறார்.

இப்போதெல்லாம் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பேரும் மேலே போகிறோம். அண்ணனும் நானும் மாடி அறையில் உட்கார்ந்து பழைய வண்டிகளைப் பற்றிப் பேசுவோம். எந்த வண்டி எந்த வளைவில் மூச்சு வாங்கும் என்று அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. என் மனைவி எங்களோடு ஒரு ஐந்து நிமிஷம் இருப்பாள். பிறகு பின்கட்டில் புதிதாகத் திறந்திருக்கும் அறைக்குப் போய்விடுவாள். அங்கே ஒரு சின்னப் படம் இருக்கிறது. மழை விட்ட முற்றம், ஒரு கயிற்றில் காயும் சிவப்புச் சேலை, வேறொன்றும் இல்லை. அதன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

போன முறை கிளம்ப நேரமாகிவிட்டது என்று கூப்பிடப் போனேன். வண்டி வரப் பத்து நிமிஷம்தான் இருந்தது.

“இதுல அப்படி என்னத்தப் பாக்கற?” என்றேன்.

“சும்மாதானுங்க. பாக்க நல்லா இருக்குது. நீங்களும் உக்காருங்க.”

இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உண்மைதான், நன்றாக இருந்தது. அந்த வண்டி போய்விட்டது. அடுத்த வண்டிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது.